பழைய ஜீப்பின் சஸ்பென்ஷன்: அறிகுறியிலிருந்து பழுதுக்கும், பழுதிலிருந்து தேர்வுக்கும்

இந்த வழிமுறை, முன் அச்சும் பின் அச்சும் பட்டை ஸ்பிரிங்கின் (எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங்; இங்கே பட்டைக் கட்டு, கட்டு என்பதும் அதுவே) மேல் நிற்கும் பழைய ஜீப்புகளுக்கானது. அமெரிக்காவில் 1953 முதல் 1968 வரை தயாரான வில்லிஸ் சி.ஜே. 3பி வண்டியும், அதன் சேஸ் அமைப்பையே பின்பற்றி மகிந்திரா நம் நாட்டில் பல பத்தாண்டுகள் தயாரித்த வண்டிகளும் இதில் அடங்கும். 2010-இல் வெளிவந்த தார் வண்டிக்கு முன்புறம் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி) கொண்ட தனித்தனி சஸ்பென்ஷன் என்பதால், இங்கே சொல்வதில் பாதி அதற்குப் பொருந்தாது.

என் வண்டி ஒரு 3பி. அதன் 2.2 லிட்டர் ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சினை முந்தைய உரிமையாளர் கழற்றிவிட்டு, அதைவிட எடை கூடிய டீசல் எஞ்சினை ஏற்றியிருந்தார். வாங்கிய மாதத்திலேயே நீளமான ஷேக்கிள் (கட்டின் ஒரு முனையைச் சேஸோடு இணைத்து ஆடும் துண்டு), உயர வளைவுள்ள பட்டைக் கட்டு, புது ஷாக் அப்சார்பர் என்று மொத்தமாக வாங்கிப் பூட்டினேன். வண்டி பார்வைக்கு நிமிர்ந்து நின்றது. ஆனால் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தொட்டதும் ஸ்டீயரிங் கையில் நிற்கவில்லை. பூட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி, எது எதைக் கெடுத்தது என்று அளந்து பார்த்த பிறகு கையில் எஞ்சியதுதான் இந்தக் குறிப்பு. அதனால் எந்த அறிகுறிக்கும் புதுப் பட்டைக் கட்டு வாங்குவதை நான் கடைசி மருந்தாகவே வைத்திருக்கிறேன்.

தொடங்குவதற்கு முன் வண்டியின் அமைப்பை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 3பியின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி 80 அங்குலம். பட்டைகளின் அகலம் 1¾ அங்குலம். முன் கட்டு ஒரு கண்ணிலிருந்து (முனையில் போல்ட் நுழையும் வளையம்) மறு கண் வரை ஏறத்தாழ 36 அங்குலமும், பின் கட்டு ஏறத்தாழ 42 அங்குலமும் இருக்கும். கட்டு அச்சுக்குக் கீழே தொங்குகிறது, அச்சு அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. முன் கட்டுக்கு ஷேக்கிள் முன் முனையிலும், அசையாத பிடிப்பு பின் முனையிலும் உள்ளன. பின் கட்டுக்கு அசையாத பிடிப்பு முன்னால், ஷேக்கிள் பின்னால். ஷேக்கிள் எந்த முனையில் இருக்கிறது என்பதை மறந்துவிட்டால் கீழே வரும் கணக்குகள் அனைத்தும் தலைகீழாகிவிடும்.

அளவெடுக்க ஒரு மணி நேரம் போதும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு டயரிலும் காற்றை ஒரே அளவாக்கி, ஸ்டெப்னியும் டூல் பெட்டியும் வழக்கமான இடத்தில் இருக்கும்படி வைத்து, நான்கு மூலையிலும் அச்சுக் குழாயின் மேற்பரப்பிலிருந்து சேஸின் அடிப்பக்கம் வரை உள்ள உயரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு முன் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின்னின் மேல் மூடியில் கோணமானியை வைத்து அதன் முன்பின் சாய்வான காஸ்டரையும், பின் டிஃபரென்ஷியலின் பினியன் ஃபிளாஞ்சிலும் (அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் பூட்டும் தட்டு), இழுவிசையை முன் பின் அச்சுகளுக்கு அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் ஃபிளாஞ்சிலும் வைத்து அவற்றின் சாய்வையும் எழுதிக்கொள்ளுங்கள். பத்து ரூபாய் நோட்டுப் புத்தகத்தில் எழுதிய இந்த எண்கள் இல்லாமல் வேலையைத் தொடங்கினால், எதை மாற்றியதால் எது மாறியது என்று பின்னால் ஒருவராலும் சொல்ல முடியாது.

நிறுத்திய இடத்திலேயே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது

இடம் வலம் வேறுபாடு அரை அங்குலத்துக்குள் இருந்தால் விட்டுவிடலாம். ஓட்டுநர் எப்போதும் ஒரே பக்கம் உட்கார்ந்து பல பத்தாண்டுகள் ஓடிய வண்டியில் அது இயல்பானது. அதற்கு மேல் போனால் இரண்டு கட்டுகளையும் இடம் மாற்றிப் பூட்டிப் பாருங்கள். சாய்வும் கூடவே மறுபக்கம் போனால் கட்டு தளர்ந்திருக்கிறது. சாய்வு அதே பக்கம் நின்றால் கட்டைக் குறை சொல்லாமல் சேஸைப் பாருங்கள்: கட்டைச் சேஸில் தாங்கும் ஹேங்கரின் ரிவெட் தளர்ந்திருக்கலாம், எப்போதோ மோதியதில் சேஸ் முறுக்கிக்கொண்டிருக்கலாம், அல்லது அச்சுக்கும் சேஸுக்கும் இடையே அளவு சரியாக இருந்து பாடி மட்டும் துருப்பிடித்த தாங்கிகளின் மேல் சரிந்திருக்கலாம்.

முன்புறம் மட்டும் தாழ்ந்திருந்தால், டீசல் மாற்றிய வண்டிகளில் பெரும்பாலும் எஞ்சின் எடைதான் காரணம். இங்கே தேவைப்படுவது எடைக்கு ஏற்ற ஒரு பட்டை; நீளமான ஷேக்கிள் அன்று. ஷேக்கிளால் உயர்த்தினால் முன்புறம் நிமிரும், ஆனால் அதே தளர்ந்த ஸ்பிரிங் அதே எஞ்சினைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

தளர்ந்த கட்டைப் பட்டறையில் கொடுத்து வளைவேற்றுவது நம் ஊரில் வழக்கம். குளிர்நிலையில் அடித்து ஏற்றிய வளைவு கொஞ்ச காலத்தில் இறங்கிவிடும். உலையில் சிவக்கச் சூடேற்றி வளைத்துவிட்டு, முறைப்படி எண்ணெயில் குளிர்வித்துத் திரும்பப் பதப்படுத்தாமல் விட்டால் எஃகின் வலுவே போய்விடும். பதம் பார்க்கத் தெரிந்த பட்டறை கிடைத்தால் கொடுக்கலாம். இல்லாவிட்டால் அந்தப் பணத்தைப் புதுப் பட்டையில் போடுவதே மேல்.

சின்ன மேட்டிலும் முதுகில் இடிக்கிறது

பழைய ஜீப் என்றால் இப்படித்தான் தூக்கிப் போடும் என்று பலரும் பழகிவிடுகிறார்கள். இந்தப் புகாரில் பெரும்பகுதிக்கு ஸ்பிரிங்கின் கடினம் காரணமாக இருப்பதில்லை, உராய்வுதான் காரணம்.

முதலில் டயர். ஆளில்லாத 3பி மிக லேசான வண்டி. லாரிக்குப் பிடிப்பதுபோல் 40 பி.எஸ்.ஐ. காற்றைப் பிடித்துவிட்டு ஸ்பிரிங்கைத் திட்டுவதில் நியாயம் இல்லை. 6.00-16 டயரில் 26 முதல் 28 வரை வைத்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

அடுத்து ஷேக்கிள். 3பியின் மூல ஷேக்கிள்கள் யூ வடிவில் திருகுமரை கொண்டவை. அந்த மரையும் அதைச் சுற்றிய புஷ்ஷும் கிரீஸில் மிதந்தால்தான் ஆடும். கிரீஸ் நிப்பிள் மண்ணில் புதைந்து, மரை துருவில் இறுகிப்போன ஷேக்கிள், இருபுறமும் பற்றவைத்த இரும்புத் துண்டுக்குச் சமம். பட்டை நீள வழியில்லாததால் வளையவும் முடியாது. சோதிக்க எளிய வழி உண்டு. சேஸுக்கு ஜாக் கொடுத்துச் சக்கரம் தரையை விடும் வரை மெல்லத் தூக்குங்கள். அந்த நேரத்தில் ஷேக்கிள் கோணம் மாறுகிறதா என்று இன்னொருவர் கீழே குனிந்து பார்க்கட்டும். அது அசையாமல் இருந்து திடீரென்று ‘டக்’ என்று விட்டால் உங்கள் பழுது அங்கேதான். புது ஷேக்கிள் பூட்டும்போது மேல் புஷ்ஷையும் கீழ் புஷ்ஷையும் மாறி மாறித் திருக வேண்டும். மேல் புஷ்ஷின் தலை சேஸ் பிடிப்பில் படியும்போது, கீழ் புஷ்ஷின் தலைக்கும் ஸ்பிரிங் கண்ணுக்கும் இடையே 1/32 அங்குலம் இடைவெளி இருக்க வேண்டும். முழுவதும் இறுக்கிவிட்டால் புதுப் பொருளே முதல் நாளிலிருந்து இறுகிப்போனதாக வேலை செய்யும். இடது மரை ஷேக்கிள்களும் இவற்றில் கலந்து வரும். அவற்றின் கீழ்க்காலில் சிறிய புடைப்பு ஒன்று இருக்கும். அதைக் கவனிக்காமல் வலது மரைப் புஷ்ஷை ஸ்பேனர் போட்டு ஏற்றினால் இரண்டும் கெடும்.

ஷேக்கிளின் சாய்வையும் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் அமுங்கும்போது தட்டையாகி நீளும், அந்த நீளம் ஷேக்கிளின் கீழ்முனையை வெளிப்புறம் தள்ளும். ஆகவே வண்டி நிற்கும்போது ஷேக்கிளின் கீழ்முனை, அசையாத பிடிப்பிலிருந்து விலகிச் சற்று வெளியே சாய்ந்திருக்க வேண்டும். உயர வளைவுக் கட்டுகளில் இரு கண்களுக்கும் இடைப்பட்ட நேர்தூரம் குறைந்துவிடுவதால் ஷேக்கிள் உள்நோக்கிச் சாய்ந்து நிற்கும். அப்போது ஒவ்வொரு மேட்டிலும் ஸ்பிரிங் முதலில் வண்டியைத் தூக்கிவிட்டுத்தான் வளையத் தொடங்கும். என் வண்டியில் புதுக் கட்டு இடித்ததற்குக் காரணம் இதுவே என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

இவை சரியாக இருந்தால் கட்டைப் பிரியுங்கள். பட்டைகளை நடுவில் கோத்திருக்கும் சென்டர் போல்ட்டைக் கழற்றும் முன் கட்டை ஒரு சி கிளாம்பில் கவ்விக்கொள்வது கட்டாயம். இல்லாவிட்டால் பட்டைகள் விரிந்து தெறிக்கும். என் பின் கட்டைப் பிரித்தபோது பட்டைகளுக்கு இடையிலிருந்து செங்கல் பொடிபோல் ஒரு கைப்பிடி துரு கொட்டியது. ஒவ்வொரு பட்டையின் முனையும் தனக்கு மேலுள்ள பட்டையில் நகம் வைத்துப் பார்க்கும் அளவுக்குப் பள்ளம் அறுத்திருந்தது. அந்தப் பள்ளத்தில்தான் பட்டை சிக்கிக்கொண்டு நழுவ மறுக்கிறது, பிற்காலத்தில் விரிசலும் அங்கிருந்துதான் ஓடும். பள்ளம் ஆழமாக இருந்தால் அந்தப் பட்டையைக் கழித்துவிட வேண்டும். லேசாக இருந்தால் முனைகளைக் கிரைண்டரில் உருட்டி, பரப்பைக் கம்பிப் பிரஷால் சுத்தம் செய்து, கிராஃபைட் கிரீஸ் தடவி மீண்டும் கட்டலாம். இந்த ஒரு வேலைக்குப் பிறகு என் வண்டி வேறொரு வண்டியாயிற்று. செலவு ஒரு டப்பா கிரீஸ்.

அதற்குப் பின்னும் இடித்தால்தான் பட்டை எண்ணிக்கையைத் தொட வேண்டும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆளேற்றுவது போன்ற வேலையில் இருந்த ஜீப்புகளில் சுமைக்காகப் பட்டை சேர்த்திருப்பது உண்டு. அப்படியொரு வண்டியை வாங்கி இரண்டு பேர் மட்டும் போனால் தூக்கித்தான் போடும். கணக்கு எளிது: கட்டின் கடினம் பட்டைகளின் எண்ணிக்கைக்கும் அகலத்துக்கும் நேர்விகிதத்திலும், தடிமனின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும், நீளத்தின் மும்மடிக்குத் தலைகீழ் விகிதத்திலும் மாறுகிறது. ஒரே தடிமனுள்ள ஒன்பது பட்டையில் ஒன்றை எடுத்தால் கடினம் சுமார் ஒன்பதில் ஒரு பங்கு குறையும். அதே எண்ணிக்கையில் தடிமனை 20 சதவீதம் கூட்டினால் கடினம் 1.73 மடங்காகிவிடும், நீளத்தை 10 சதவீதம் கூட்டினாலோ கால் பங்கு குறையும். இதனால்தான் மெல்லிய பட்டைகள் பல கொண்ட நீளமான கட்டு, தடித்த பட்டைகள் சில கொண்ட குட்டைக் கட்டைவிட எப்போதும் மென்மையாக ஓடுகிறது. பட்டையைக் குறைக்கும்போது கீழேயுள்ள குட்டைப் பட்டைகளை எடுக்கலாம். முதல் பட்டையையும் அதைத் தாங்கும் இரண்டாம் பட்டையையும் தொடக்கூடாது.

ஒரு குழிக்கு மூன்று முறை குதிக்கிறது

முன்னதற்கு நேர்மாறான பழுது இது. ஒரு மூலையைக் கையால் அமுக்கி விட்டால் வண்டி ஒரு முறை எழுந்து அடங்க வேண்டும். இரண்டாம் முறையும் எழுந்தால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. துருப்பிடித்த கட்டில் உராய்வே ஷாக்கின் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கும். கட்டைச் சுத்தம் செய்து கிரீஸ் போட்ட மறுநாள் இந்தக் குதியல் தொடங்கினால் பயப்பட வேண்டாம், அது ஷாக் முன்பே செத்துவிட்டது என்பதற்கான அடையாளம்.

ஷாக் வாங்குமுன் நீளத்தை அளக்க வேண்டும், வண்டியின் பெயரைச் சொல்லி வாங்கக்கூடாது. அச்சு சேஸில் மோதாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் அமுங்கி முட்டும்வரை அச்சை ஏற்றி ஒரு அளவும், சேஸைத் தூக்கி அச்சைத் தொங்கவிட்டு ஒரு அளவும் எடுங்கள். முழுவதும் மடங்கிய ஷாக் முதல் அளவைவிடக் குறைந்தது 20 மி.மீ. குட்டையாகவும், முழுவதும் நீண்ட ஷாக் இரண்டாம் அளவைவிடச் சற்று நீளமாகவும் இருக்க வேண்டும். மடங்க இடமில்லாத ஷாக் தானே பம்ப் ஸ்டாப்பாக மாறி, அடிப் பிடிப்பைப் பிய்த்துக்கொண்டு போகும்.

வேகத்தில் அலைகிறது, சில சமயம் ஸ்டீயரிங் உதறுகிறது

இதில்தான் அதிகம் பேர் பணத்தை இறைக்கிறார்கள். அலைதல் என்பது நேர்ச்சாலையில் வண்டி தானாக இடமும் வலமும் மேய்வது. உதறல் என்பது ஒரு குழியில் விழுந்ததும் முன் சக்கரங்கள் இரண்டும் படபடவென்று அடித்து, பிரேக் பிடித்து ஏறத்தாழ நிறுத்தினால்தான் அடங்குவது. இரண்டுக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றே என்பதால் ஒரே வரிசையில் சோதிக்கலாம்.

முதலில் தேய்மானம். எஞ்சினை அணைத்துவிட்டு ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிதளவு ஆட்ட, மற்றவர் கீழே படுத்து ஒவ்வொரு இணைப்பிலும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும்: ஸ்டீயரிங் பெட்டி, அதன் அசைவைக் கொண்டுபோகும் கம்பியான டிராக் லிங்க்கின் இரு முனைகள், அந்த அசைவைத் திசை திருப்பும் நடுவிலுள்ள பெல் கிராங்க், அதைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் டை ராட் முனைகள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். இந்தத் தலைமுறை ஜீப்புகளில் பெல் கிராங்க்கின் பின்னும் புஷ்ஷும் முதலில் தேயும். அங்கே உள்ள ஒரு மி.மீ. ஆட்டம் சக்கரத்தில் பெரிதாகத் தெரியும். பிறகு சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவர் பிரேக்கை மிதிக்கட்டும். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின் பேரிங். கிங் பின் மூடியின் கீழுள்ள ஷிம் தகடுகளைக் குறைத்து அதன் இறுக்கத்தைச் சரிசெய்யலாம். கூடவே டோ-இன் அளவையும் பாருங்கள். 3/64 முதல் 3/32 அங்குலம், அதாவது ஏறத்தாழ 1 முதல் 2.5 மி.மீ. வரை சக்கரங்கள் முன்னால் உள்நோக்கி இருக்க வேண்டும்.

தேய்மானம் எதுவும் இல்லை, உயர்த்திய பின்தான் தொடங்கியது என்றால், குற்றவாளி காஸ்டர். 3பிக்கு அது 3 டிகிரி: கிங் பின்னின் தலை சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், சைக்கிளின் முன் ஃபோர்க்குக்கு உள்ள சாய்வுபோல, சக்கரம் தானாக நேருக்குத் திரும்புவது அதனால்தான். முன் கட்டின் ஷேக்கிள் முன் முனையில் இருப்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அதை 2 அங்குலம் நீளமாக்கினால் கட்டின் முன்முனை சேஸிலிருந்து 2 அங்குலம் கீழே இறங்கும், பின்முனை இருந்த இடத்திலேயே இருக்கும். அச்சு நடுவில் இருப்பதால் கிடைக்கும் உயரம் 1 அங்குலம் மட்டுமே. ஆனால் 36 அங்குல நீளத்தில் 2 அங்குலச் சரிவு என்பது 3 டிகிரிக்குச் சற்று மேல். கட்டோடு சேர்ந்து அச்சும் அவ்வளவு முன்னோக்கி உருளும், கிங் பின்னின் தலை முன்னால் வரும். பின்புறமும் அதே அளவு உயர்ந்திருந்தால் காஸ்டர் ஏறத்தாழ பூஜ்யம். ஒரு அங்குல உயரத்துக்காக வண்டியின் நேரோட்டம் முழுவதையும் விற்றுவிட்டோம்.

என் கோணமானி காட்டியது அரை டிகிரி. ஷேக்கிளை மூல நீளத்துக்கு மாற்றியதும் உதறல் நின்றது. உயரம் அவசியம் என்றால் பட்டைக்கும் அச்சுக்கும் இடையே ஆப்பு வடிவ எஃகுத் துண்டு வைக்கலாம். கட்டு அச்சுக்குக் கீழே இருக்கும் இந்த வண்டிகளில் ஆப்பின் தடித்த முனை முன்னோக்கி இருந்தால்தான் காஸ்டர் கூடும். திருப்பி வைத்தால் இருப்பதும் போகும். அலுமினிய ஆப்பு நசுங்கி விரிசல் விடும் என்பதால் எஃகே போடுங்கள். ஆனால் காஸ்டரைக் கூட்டும் ஒவ்வொரு டிகிரியும் முன் டிஃபரென்ஷியலின் பினியனை அவ்வளவு கீழ்நோக்கித் திருப்பும், முன் ஷாஃப்ட்டின் கிராஸ் (முனையில் மடங்கும் மூட்டு) அதற்கு விலை கொடுக்கும்.

ஸ்டீயரிங் டாம்பர் (ஸ்டீயரிங் அசைவை அடக்கும் சிறு ஷாக்) போட்டால் உதறல் அடங்கும் என்று சொல்வார்கள். அடங்கும். காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போவதைப் போன்றது அது. தேய்ந்த இணைப்பு உள்ளே தேய்ந்துகொண்டே இருக்கும். எல்லாம் சரிசெய்த பிறகு, பெரிய டயர் போட்ட வண்டிக்குக் கூடுதல் காப்பாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

குழியில் இறங்கும்போது வண்டி தானாக ஒரு பக்கம் திரும்புகிறது

சாலை நேராக இருந்தும் ஸ்பிரிங் அமுங்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் இழுத்தால், உயர்த்தியதால் டிராக் லிங்க் சரிந்து நிற்கிறது என்று பொருள். அச்சு மேலே போகும் வளைவும் டிராக் லிங்க் ஆடும் வளைவும் ஒத்துப்போகாததால் சக்கரம் திரும்புகிறது. ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து டிராக் லிங்க்கை அசைக்கும் பிட்மேன் ஆர்மைச் சற்றுக் கீழிறங்கியதாக மாற்றி டிராக் லிங்க்கை மீண்டும் ஏறத்தாழ மூலச் சாய்வுக்குக் கொண்டுவருவதே தீர்வு. பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஒரு பக்கம் இழுத்தால் டிரம்மைத் திறந்து பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தில் கட்டையும் அச்சையும் சேர்த்து இறுக்கும் யூ போல்ட் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தளர்ந்திருந்தால் அச்சு கட்டின் மேல் நகர்கிறது.

உயர்த்திய பிறகு தரைக்கு அடியில் அதிர்வு வருகிறது

ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது ஒரு வகையிலும், காலை எடுக்கும்போது வேறு வகையிலும் உறுமினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கெட்டிருக்கிறது. 80 அங்குல வண்டியில் பின் ஷாஃப்ட் மிகக் குட்டையானது; 20 அங்குல ஷாஃப்ட் என்று வைத்துக்கொண்டால் வண்டியை 2 அங்குலம் உயர்த்தும்போது அதன் சாய்வு ஏறத்தாழ 6 டிகிரியும், 4 அங்குலம் உயர்த்தும்போது 11 டிகிரிக்கு மேலும் கூடும். இதே உயர்வை நீளமான வண்டி அலட்டிக்கொள்ளாமல் தாங்கும். பிறர் வண்டியில் பார்த்த உயரத்தை நம் வண்டிக்கு எடுத்துவரக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது.

சாய்வு கூடுவது ஒரு தொல்லை, இரு முனைச் சாய்வுகளும் சமமாக இல்லாதது அதைவிடப் பெரிய தொல்லை. ஷாஃப்ட்டின் இரு முனையிலும் ஒற்றைக் கிராஸ் இருந்தால், டிரான்ஸ்ஃபர் கேஸின் ஃபிளாஞ்சும் பினியன் ஃபிளாஞ்சும் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு கிராஸ் உண்டாக்கும் வேக ஏற்ற இறக்கத்தை மற்றது அழிக்கும். பின் கட்டின் ஷேக்கிள் பின்முனையில் இருப்பதால், அதை 2 அங்குலம் நீட்டினால் 42 அங்குலக் கட்டு ஏறத்தாழ 2.7 டிகிரி சரிந்து பினியனின் மூக்கை மேலே தூக்கும். பினியன் இப்போது டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்த்து நிற்பதால் கண்ணுக்கு நேர்த்தியாகத் தெரியும், ஆனால் இரு ஃபிளாஞ்சும் இணையாக இருந்த நிலை போய்விட்டது. தடித்த முனை பின்னோக்கி இருக்கும்படி ஆப்பு வைத்து மூக்கைத் தாழ்த்தினால் அதிர்வு போகும். டிரான்ஸ்ஃபர் கேஸ் தாங்கும் குறுக்குச் சட்டத்துக்கும் சேஸுக்கும் இடையே அரை அங்குலத் துண்டு வைத்து இறக்குவதும் உதவும்; அப்போது கிளட்ச் லிங்க்கேஜ், ரேடியேட்டர் விசிறி இரண்டும் எங்கும் முட்டவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும்.

ஷாஃப்ட்டின் நீளம் கூடிக் குறைய வழிவிடும் நழுவு மூட்டு எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்பதையும் அச்சைத் தொங்கவிட்ட நிலையில் அளந்துவிடுங்கள். அதே நிலையில் பிரேக் ஹோஸ் விறைத்து நின்றால் அன்றே மாற்ற வேண்டும்; அதைத் தள்ளிப்போடுவதற்கு எந்தச் சமாதானமும் செல்லாது.

செங்குத்து ஏற்றத்தில் பின்சக்கரம் துள்ளித் துள்ளி அடிக்கிறது

டிரான்ஸ்ஃபர் கேஸின் மெதுவான கியரான லோ ரேஞ்சில் 2.46 மடங்கு பெருகிய இழுவிசை பின் அச்சுக்கு வரும்போது, அச்சு தன்னைத்தானே சுழற்றப் பார்க்கும். பட்டை எஸ் வடிவில் முறுக்கிக்கொண்டு, சக்கரம் வழுக்கியதும் திடீரென்று விடும். மெலிந்த பட்டைகளிலும், கட்டை அச்சுக்கு மேலே மாற்றிய வண்டிகளிலும் இது அதிகம். பட்டையைக் குறைத்து மென்மையாக்கியதற்கு நாம் தரும் விலையும் இதுதான். அசையாத பிடிப்பிருக்கும் முன்பாதியில் மட்டும் ஒரு அரைப் பட்டை சேர்த்தால் பெரும்பாலும் போதும். சவாரியின் மென்மையும் அதிகம் கெடாது.

காட்டுப் பாதையில் சக்கரம் அந்தரத்தில் நிற்கிறது

முதலில் ஷாக்கின் கீழ்முனையைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் மெல்ல ஏற்றிப் பாருங்கள். சக்கரம் கூடுதலாக இறங்கினால் ஷாக் குட்டை. இறங்காவிட்டால் இறுகிய ஷேக்கிள், அல்லது பட்டைகளைச் சுற்றிய கிளிப்புகளை அடித்து நசுக்கியிருப்பார்கள். கிளிப் பட்டையைக் கவ்வக்கூடாது, சிதறாமல் காத்தால் போதும்.

டயர் உரசுகிறது

முழுத் திருப்பத்தில் கட்டிலோ ஷாக்கிலோ உரசினால் ஸ்டீயரிங் ஸ்டாப் போல்ட்டைச் சரிசெய்தால் தீர்ந்துவிடும். அமுங்கும்போது மட்கார்டில் உரசினால் பம்ப் ஸ்டாப்பின் உயரத்தைக் கூட்டுங்கள். ஒரு உரசலுக்காக வண்டியை 3 அங்குலம் தூக்குவது எனக்கு உடன்பாடில்லை. இந்த ஜீப்பின் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி 48 அங்குலத்துக்குச் சற்றே கூட. எடை மையம் 26 அங்குல உயரத்தில் இருப்பதாகக் கொண்டால் ஏறத்தாழ 43 டிகிரிப் பக்கச் சரிவில் கவிழ வேண்டிய வண்டி, மையம் 29 அங்குலமானால் 40 டிகிரியிலேயே கவிழும். ஸ்பிரிங் அமுங்கி மேலும் சாயும் என்பதால் உண்மையில் இரண்டுமே இன்னும் குறைவு. மலைப் பாதையின் ஓரத்தில் அந்த 3 டிகிரி சின்ன எண்ணாகத் தெரியாது.

சென்டர் போல்ட் அடிக்கடி முறிகிறது

சென்டர் போல்ட்டின் வேலை பட்டைகளையும் அச்சையும் இடத்தில் நிறுத்துவது மட்டுமே. பிடித்து வைப்பவை யூ போல்ட்டுகள். அது முறிந்தால் யூ போல்ட் தளர்ந்திருந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை இறுக்கி நீண்ட யூ போல்ட்டைத் திரும்பப் பூட்டுவது பொய்ச் சிக்கனம். ஆப்பு வைத்திருந்தால் சென்டர் போல்ட்டின் தலை ஆப்பைத் தாண்டி அச்சின் குழியில் உட்காரும் அளவுக்கு உயரமாக இருக்க வேண்டும். உட்காராமல் ஆப்புக்குள்ளேயே நின்றுவிட்டால் அச்சு தன் விருப்பத்துக்கு நகரும்.

இனி எந்த அமைப்பு

இந்த அறிகுறிகளைத் தாண்டி வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு நான் சொல்வது, மூல நீளமும் மூல வளைவும் கொண்ட மெல்லிய பட்டைக் கட்டு, மூல நீள ஷேக்கிள், அளந்து வாங்கிய ஷாக். டீசல் எஞ்சினுக்கு முன்னால் மட்டும் ஒரு பட்டை கூடுதல். இதில் 6.00-16 அல்லது 7.00-16 டயர் வைத்து எஸ்டேட் பாதைகளில் தாராளமாகப் போகலாம். இன்னும் பெரிய டயர் தேவைப்படுவோர், ஒன்றரை முதல் 2 அங்குலம் வரை கட்டின் வளைவால் உயர்த்தி, ஷேக்கிள் சாய்வையும் காஸ்டரையும் பினியனையும் அளந்து சரிசெய்துகொள்ளலாம். கட்டை அச்சுக்கு மேலே மாற்றி 5 அங்குலம் வரை உயர்த்துவது இந்தக் குட்டை வண்டிக்கு ஏற்றதல்ல என்பது என் முடிவு. ஷாஃப்ட், ஸ்டீயரிங், பிரேக், கவிழும் கோணம் என்று ஒவ்வொன்றையும் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது என்பதையும், 15 ஆண்டு கடந்த வண்டியின் பதிவைப் புதுப்பிக்கும்போது அதிகாரி வண்டியை நேரில் பார்ப்பார் என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் புஷ் போட்ட கட்டாக இருந்தால் கண் போல்ட்டுகளை ஜாக்கின் மேல் இருக்கும்போது இறுக்காமல், சக்கரம் நான்கும் தரையில் நின்று வண்டி தன் எடையில் அமர்ந்த பிறகே இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையில் இருந்து சில மாதங்களில் கிழியும். யூ போல்ட் நட்டுகளை எதிரெதிர் மூலையாக இறுக்கி, ஒவ்வொரு நட்டின் மேலும் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். முதல் 100 கிலோமீட்டரில் ஒரு முறையும் 500-இல் ஒரு முறையும் ஸ்பேனர் போட்டுப் பார்த்தால், முதல் முறையில் ஒவ்வொன்றும் கொஞ்சமாவது நகரும். இரண்டாம் முறையும் ஏதாவது ஒன்று நகர்ந்தால் அந்த மூலையைப் பிரித்துப் பாருங்கள்.